சட்டைப் பையில் சட்டம்! பெங்களூர் மாலைக் கல்லூரியில் ஒரு வித்தியாசமான வகுப்பு

கர்நாடகத்தில் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் பி.ஏ. எடுத்தாலும் சரி, பி.காம். எடுத்தாலும் சரி, அரசியல் சட்டம் பற்றி ஒரு தாள் எழுதியாக வேண்டும். இது பல வருஷமாக உள்ள ஏற்பாடு. அடிப்படை உரிமைகள் எத்தனை, ஜனாதிபதியின் அதிகாரம் என்ன, முகவுரையில் என்னென்ன வார்த்தைகள் என்று நெட்டுருப் போட்டு எழுதுவார்கள். தேறுவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

அதே பிள்ளையின் தகப்பனாரிடம் வீட்டுக்காரர் வந்து, "நாளைக் காலையில் சாமான்களை எடுத்து வெளியே வைத்துவிடுவேன்" என்று மிரட்டினால் என்ன செய்வது? பிள்ளைக்கும் தெரியாது. தகப்பனாருக்கும் தெரியாது. பிழைக்க வந்த ஊர். எழுத்து வேறு, பேச்சு வேறு. நம்மவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கன்டோன்மென்ட் பக்கம் உள்ள ஒரு மாலைக் கல்லூரியில் இந்தக் குறைக்கு மருந்து தேடி ஒரு முயற்சி நடக்கிறது. நடத்துகிறவர் ஒரு பெண் வக்கீல். பகலில் கோர்ட்டு, மாலையில் வாரம் 2 நாள் வகுப்பு. "என் பெயர் வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே பெயர் இல்லை. கல்லூரியின் பெயரும் வேண்டாம் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார்.

பி.காம். முதல் ஆண்டு. மாணவ - மாணவிகள் 43 பேர். அவர்களில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல். அலசூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று பல இடங்களில் இருந்து வருகிறார்கள். பலர் பகலில் துணிக்கடையிலும், ஆஸ்பத்திரி பில் கவுண்ட்டரிலும், கூரியர் கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான்.

"பையைக் காலி செய்யுங்கள்"

முதல் நாள் அந்த அம்மையார் புத்தகத்தைத் திறக்கவில்லை. "உங்கள் பையிலும் பர்சிலும் உள்ள காகிதங்களை எல்லாம் எடுத்து மேஜை மேல் வையுங்கள்" என்றார்.

பஸ் டிக்கெட், ரெயில் சீசன் டிக்கெட், மருந்துக்கடை பில், சம்பளச் சீட்டு, நகை அடகு வைத்த ரசீது, பிஸ்கட் பாக்கெட்டு உறை எல்லாம் வந்தன. இந்தக் காலத்தில் பாதிக் காகிதம் போனுக்குள் இருக்கிறது. அதையும் திறந்து காட்டச் சொன்னார்.

"இதில் சட்டம் சம்பந்தப்படாத பொருள் ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்!"

ஒரு மாணவர் குறும்பாக விபூதிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது.

"எந்தக் கோயில்? முஜராய் இலாகா கோயிலா? அப்படியானால் 1997-ல் வந்த கர்நாடக இந்து அறநிலையச் சட்டம் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது" என்றார் அம்மையார். மறுபடியும் சிரிப்பு.

பிஸ்கட் உறையில் விலை, எடை, தயாரித்தவர் முகவரி அச்சிட்டிருப்பது 2009-ம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தால். அச்சிட்ட விலைக்கு மேல் பெட்டிக்கடைக்காரர் வாங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு அதிகம் வாங்குகிறார்களே, அதுவும் குற்றம்தானே?" என்று ஒரு மாணவி கேட்டார். "இல்லை" என்றார் அம்மையார். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறுவது வெறும் விற்பனை அல்ல, சேவையும் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. நியாயம் என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் சட்டமாக இருப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

சீசன் டிக்கெட்டின் விலை

சீசன் டிக்கெட்டை அவர் கையில் எடுத்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ரெயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் அல்லவா!

"இந்த அட்டை பிரயாணத்துக்கு மட்டும் அல்ல. இது உங்கள் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு" என்று ஆரம்பித்தார்.

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் 124-ஏ என்று ஒரு பிரிவு. ரெயில் கவிழ்ந்தால்தான் நஷ்ட ஈடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஓடும் ரெயிலில் இருந்து ஒரு பிரயாணி தவறி விழுந்து இறந்தாலும், காயம் அடைந்தாலும் நஷ்ட ஈடு உண்டு. ரெயில்வே மீது தப்பு இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. தற்கொலை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம், தான் செய்த குற்றம், குடிவெறி, வியாதியால் வந்த சாவு ஆகியவைதான் விலக்கு. இறந்தவர் குடும்பத்துக்குத் தொகை ரூ.8 லட்சம். 2017 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பு இது ரூ.4 லட்சமாக இருந்தது.

கேரளத்தில் வர்க்கலை ஸ்டேஷனில் ஒரு பெண் ரெயிலில் ஏற முயன்றபோது விழுந்து இறந்தார். "அவர் இன்னும் ஏறவில்லை, ஆகவே பிரயாணி அல்ல" என்று வாதாடிப் பார்த்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் அதை ஏற்கவில்லை. ஏறும்போது விழுந்தாலும் நஷ்ட ஈடு உண்டு என்று சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு சேதி. முறையான பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். மாமியாரை வழியனுப்ப வந்த மருமகனுக்கும் உண்டு!

"டிக்கெட் தொலைந்துபோனால்?" என்றார் ஒரு மாணவர். விழுந்தவர் சட்டைப் பையில் டிக்கெட் பத்திரமாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? உடம்பில் டிக்கெட் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் பிரயாணி அல்ல என்று தள்ளிவிட முடியாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வாரிசுகள் விவரம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு மறுத்து நிரூபிப்பது ரெயில்வேயின் பொறுப்பு.

மனு கொடுக்க வேண்டிய இடம் சாதாரணக் கோர்ட்டு அல்ல. ரெயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் என்று தனியாக இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் அதன் பெஞ்சுகள் உள்ளன. கெடு 1 வருஷம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை நிரூபிப்பது மனுதாரர் தலையில் விழும்.

இங்கே என் அனுபவத்தில் ஒரு வார்த்தை. நம் ஆட்கள் ஸ்டேஷனுக்குச் சுற்றிப் போக அலுத்துக்கொண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறார்கள். அப்படித் தாண்டும்போது அடிபட்டால் அது ரெயிலில் இருந்து விழுந்ததாக ஆகாது. அத்துமீறி நுழைந்த குற்றம் ஆகும். உயிரும் போய், ரூ.8 லட்சமும் இல்லை. அம்மையார் இதைக் கரும்பலகையில் படம் போட்டே விளக்கினார். ஒரு பக்கம் படிக்கட்டுப் பாலம், மறு பக்கம் தண்டவாளம். நடுவில் ரூ.8 லட்சம் என்று எழுதினார். பிள்ளைகள் அந்தப் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் சாட்சிக் கையெழுத்துத்தான் போட்டேன்"

இரண்டாவது வாரம் வீட்டுப்பாடம் வேறு மாதிரி. "உங்கள் வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். படித்துப் பார்ப்போம்."

வாடகை ஒப்பந்தங்கள்தான் அதிகம் வந்தன. ஏன் எல்லா ஒப்பந்தமும் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். வாடகைக்காரரைப் பலவந்தமாக வெளியேற்றினால், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். 1963-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு வழி செய்கிறது. அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வெளியேற்றினாரா என்பதுதான் கேள்வி.

ஒரு மாணவி மட்டும் வாடகைப் பத்திரம் கொண்டு வரவில்லை. நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். வகுப்பு முடிந்த பிறகுதான் அதை எடுத்தார்.

அவர் தகப்பனார் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்து 22 வருஷத்துக்கு முன் வந்த கொத்தனார். அதே ஊர்க்காரர் ஒருவர் சரக்கு ஆட்டோ வாங்கக் கடன் எடுத்தார். "ஒரு கையெழுத்து மட்டும் போடு மாமா" என்று பைனான்ஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனார். படிவம் இங்கிலீஷில். 4 இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். கொத்தனார் 4 இடத்திலும் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஊர்க்காரர் 7 தவணை கட்டினார். பிறகு கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. நோட்டீஸ் கொத்தனாருக்கு வந்தது. ரூ.1 லட்சத்து 62 ஆயிரம், வட்டியோடு.

"நான் சாட்சிக் கையெழுத்துத்தான் போட்டேன்" என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம் அவர். அந்தப் பெண் இதைச் சொல்லும்போது குரல் கம்மியது. மூத்த அக்காள் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கிறது. அதைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமோ என்று பயம்.

அம்மையார் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "கியாரண்ட்டர்" என்று இருந்தது.

சாட்சிக்கும் ஜாமீன்தாரருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாட்சி என்பவர், "இன்னார் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்" என்று சொல்பவர். அவருக்குக் கடனில் பொறுப்பு இல்லை. ஜாமீன்தாரரோ கடன் வாங்கியவருக்குச் சமமாகப் பொறுப்பாளி. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. "முதலில் வாங்கியவனிடம் கேள், அவனிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வா" என்று சொல்லவும் முடியாது. நேராக ஜாமீன்தாரர் மேலேயே வழக்குப் போடலாம் என்று 1969-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

குமாஸ்தாக்கள், ஆபீஸ் ஊழியர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதற்காகவே நம்மைத் தேடி வந்து ஜாமீன் கேட்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர், ஊர்க்காரர், மச்சினன் என்று மறுக்க முடியாத ஆட்களாகத்தான் வருவார்கள்.

ஆனால் அதே சட்டத்தில் ஜாமீன்தாரருக்கும் கைப்பிடி உண்டு. பணத்தைக் கட்டிவிட்டால், கடன் வாங்கியவரிடம் இருந்து அதை வசூலிக்கும் உரிமை அவருக்கு வருகிறது. அது 145-வது பிரிவு. கடனுக்கு ஈடாக இருந்த பொருளைக் கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கைவிட்டுவிட்டால், அதன் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். அது 141-வது பிரிவு.

"ஆட்டோ எங்கே?" என்றார் அம்மையார்.

அந்தப் பெண் விழித்தார். அதை யாரும் கேட்கவே இல்லை!

கம்பெனி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போனதா, விற்றதா, எவ்வளவுக்கு விற்றது, அந்தத் தொகையைக் கழித்தார்களா என்று கேட்டு முதலில் பதில் எழுத வேண்டும். நோட்டீசைக் கண்டு பயந்து பெட்டிக்கு அடியில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு என்றார் அவர்.

வசூல் ஆட்கள் வீட்டுக்கு வந்து கட்டிலையும் டி.வி.யையும் தூக்கிப் போவார்களோ என்ற பயத்துக்கும் பதில் கிடைத்தது. கோர்ட்டு டிகிரி இல்லாமல் வீட்டுச் சாமானைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது. டிகிரியே வந்தாலும் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு அனுமதிக்கவில்லை. கைத்தொழில்காரரின் கருவிகளையும் தொட முடியாது. கொத்தனாரின் கரண்டியும் ரசமட்டமும் அவருடையவைதான்.

மாதச் சம்பளக்காரர் நிலை வேறு. முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு, பாக்கி ஒரு பங்கை ஜப்தி செய்யலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம். ஜீவனாம்ச டிகிரி என்றால் கணக்கு மாறும்.

இலவச வக்கீல் யாருக்கு?

கொத்தனார் வக்கீல் பீசுக்கு எங்கே போவார்? "நானே எடுத்து நடத்தினால் வகுப்பு என் ஆபீஸ் ஆகிவிடும்" என்று சொல்லி, அம்மையார் அந்தப் பெண்ணை மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அனுப்பினார்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி ஆராய்ந்து 1973-ல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக உயர்ந்தவர். 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற ஷரத்து சேர்ந்தது. பணம் இல்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் வழக்கு நீதிபதி பி.என்.பகவதி முன் வந்தபோது நாடே திடுக்கிட்டது. செய்யாத குற்றமோ செய்த குற்றமோ, தண்டனைக் காலத்துக்கு மேலேயே சிலர் உள்ளே இருந்திருந்தார்கள். 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. ஆனால் அது அமலுக்கு வர 1995 நவம்பர் 9-ந் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு மாநில அரசு வைத்துள்ள வருமான வரம்பு. கொத்தனார் அந்த வரம்புக்குள் வருகிறார். நாடு முழுவதற்கும் போன் நம்பர் ஒன்றுதான், 15100.

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றமும் இதே சட்டத்தில் உள்ளது. கட்டணம் இல்லை. கோர்ட்டில் ஏற்கெனவே கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட்டு டிகிரி மாதிரி. அதன் மேல் அப்பீல் கிடையாது. "இங்கேயும் 4 பெருக்கல் குறி போட்டுக் காட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பழைய கதைதான்" என்றார் அம்மையார்.

கம்பெனி ஆட்டோவை எடுத்துக்கொண்டது உண்மை என்று பதில் வந்திருக்கிறது. விற்ற விலையைச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது. அக்காள் கல்யாணப் பணம் இன்னும் சீட்டுக் கம்பெனியில்தான் இருக்கிறது.

சட்டக் கல்லூரிக்கு வெளியே

சட்டம் படிக்கிற மாணவர்களை மக்களிடம் அனுப்புவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பேராசிரியர் மாதவ மேனன் டெல்லிப் பல்கலைக்கழகத்திலேயே அதைத் தொடங்கியவர். இதே பெங்களூரில் 1988-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கியவரும் அவரே. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள், எல்லாச் சட்டக் கல்லூரியிலும் 4 நடைமுறைப் பயிற்சித் தாள்களைக் கட்டாயம் ஆக்கியுள்ளன.

ஆனால் இவை எல்லாம் கறுப்புக் கோட்டு போடப் போகிற பிள்ளைகளுக்கு. கணக்கு எழுதப் போகிற பிள்ளைக்கு? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1972-லேயே பள்ளிக்கூடங்களுக்குப் போய் வாடகை, கடன், போலீஸ் என்று அன்றாடச் சட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தெருச் சட்டம் என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் இது இன்னும் ஒரு சில ஆசிரியர்களின் சொந்த உற்சாகத்தில்தான் நடக்கிறது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தினால் பரீட்சையில் மார்க்கு வருமா?" என்று அதே கல்லூரியில் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பிள்ளைகள் தெருவுக்குத் தெரு வக்கீல் ஆகிவிடுவார்களே என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு பிரிவு நம்பர் தெரிந்துவிட்டால் டீக்கடையில் தீர்ப்பே சொல்கிற ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அம்மையாரிடம் இதைச் சொன்னேன். "நான் இவர்களுக்கு வாதாடக் கற்றுக் கொடுக்கவில்லை. அதற்கு 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது, எந்தத் தேதிக்குள் தட்டுவது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது. இந்த மூன்று மட்டும்தான் என் பாடம்" என்றார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் கருத்துத்தான். டெலிபோன் பில்லையும் ஆஸ்பத்திரிப் படிவத்தையும் பிள்ளையிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்கு பாரும்மா" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அந்த வீட்டுக்கே தெரியாது. மார்க்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்த வகுப்பு நடக்க வேண்டும்.

சம்பளம், ரேஷன், போலீஸ்

மற்ற வகுப்புகளில் கேட்டவற்றில் நம்மவர்களுக்குப் பயன்படுகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

துணிக்கடை வேலையை விட்டுவிட்ட மாணவருக்குக் கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார்கள். வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும் 2 வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம். இதுவும் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தன. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கொடுப்பதும் இப்போது கட்டாயம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று இருந்த 1979-ம் ஆண்டுச் சட்டம் இந்தத் தொகுப்புகளில் ஒன்றில் கரைந்துவிட்டது. முன்பு காண்டிராக்டர் அழைத்து வந்தவர்தான் வெளிமாநிலத் தொழிலாளி. இப்போது தானாகப் பஸ் ஏறி வந்தவரும் அந்தக் கணக்கில் வரலாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள ரேஷன் கார்டு என்றால், ஊரில் வாங்கிய கார்டுக்கு இங்கேயே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு இந்தத் திட்டத்தில் 2020-ல் சேர்ந்தது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "அது எங்கள் எல்லை அல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். விசாரணையில் சாட்சி சொல்லும்போது போலீசார் எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவை இல்லை, போடவும் கூடாது. இதைக் கேட்டு வகுப்பில் பலர் நம்பவே இல்லை.

வாங்கிய பொருளிலோ சேவையிலோ மோசடி என்றால் நுகர்வோர் ஆணையம். சென்னையில் வாங்கிய பொருளுக்கு, நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 வருஷம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பரீட்சையில் வந்த கேள்வி

சென்ற மாதம் வகுப்பில் ஒரு சிறு பரீட்சை வைத்தார். ஒரே கேள்வி. "தர்மபுரியில் ரெயில் ஏறிய ஒருவர் ஓசூர் அருகே ரெயிலில் இருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை. அவர் மனைவி பெங்களூரில் வீட்டு வேலை செய்கிறார். அவர் தட்ட வேண்டிய கதவு எது? எந்தத் தேதிக்குள்? என்ன காகிதம் வேண்டும்?"

விடைத்தாள்களை எனக்கும் காட்டினார். ரெயில்வே தீர்ப்பாயம் என்று சரியாக எழுதியவர்கள் 38 பேர். போலீஸ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம் என்று காகிதங்களையும் ஓரளவு எழுதியிருந்தார்கள். கெடுவைச் சரியாக எழுதியவர்கள் 19 பேர்தான். 11 பேர் நுகர்வோர் சட்டத்தோடு குழப்பிக்கொண்டு 2 வருஷம் என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

கொத்தனார் மகள் 1 வருஷம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் கெடு பாடம்தான் என்று அம்மையார் அறிவித்திருக்கிறார். அன்றைக்கு ஆளுக்கு ஒரு காலண்டர் கொண்டு வர வேண்டுமாம்.